சாணிக்கு எத்தனை மார்க்கு?

ஓசூர் பாகலூர் ரோட்டு டீக்கடையில் ஒரு நாள் தெரியாத்தனமாக வாயை விட்டேன்.

"அமெரிக்காவுல ஒரு காலேஜ் இருந்துச்சு மாமா. பட்டிக்காட்டுக்கு நடுவுல. பசங்க மாடு பார்த்துக்கணும், ஏர் ஓட்டணும், காய்கறி போடணும், சாணி அள்ளணும். மிச்ச நேரத்துல இலக்கியம், தத்துவம், சுற்றுச்சூழல். முடிச்சா பட்டம்."

மாமா கிளாசைக் கீழே வைத்தார். "ஃபீசு?"

"நம்ம காசுக்கு வருஷத்துக்குப் பல லட்சம்."

"எங்கப்பன் இதையெல்லாம் எனக்கு இனாமாவே கத்துக் கொடுத்தான். வேணாம்னுதானே ஐ.டி.ஐ.க்கு ஓடினேன்?"

மாமா என்றால் சொந்த மாமா இல்லை, எதிர்வீட்டுக்காரர். சிப்காட் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ரிட்டையர் ஆனவர். பிறந்தது கெலமங்கலம் பக்கம் ஒரு ராகிக் காட்டில். ஓசூரில் பாதிப் பேருக்கு இதுதான் ஜாதகம்: அப்பன் ராகி, மகன் லேத், பேரன் பெங்களூரில் லேப்டாப். இந்த மூன்று தலைமுறைக்கும் நடுவில் நின்று 'மண்ணுக்குத் திரும்புவோம்' என்று சொல்லிப் பாருங்கள். மூவரில் ஒருவராவது "நீ முதல்ல போ" என்பார்.

ஆனாலும் மாமா சொன்னது மண்டையை விட்டுப் போகவில்லை. யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. நம் எல்லையோரச் சீமையைச் சுற்றி இருநூறு வருஷமாக எத்தனையோ பெரிய மனிதர்கள் வழுக்கி விழுந்தது இந்தச் சாணியில்தான். படிக்கிற பிள்ளை சாணி அள்ளலாமா? அள்ளினால் எத்தனை மார்க்கு? அதைவிட முக்கியம், யார் வீட்டுப் பிள்ளை அள்ளுவது?

முதலில் அந்த அமெரிக்கக் கல்லூரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் கிரீன் மவுன்டன். வெர்மான்ட் மாநிலத்தில் போல்ட்னி என்ற சின்ன ஊர். (போல்ட்ரி இல்லை, போல்ட்னி. போல்ட்ரி நம் கதையில் பிற்பாடு வரும்.) 1834இல் மெத்தடிஸ்ட் சபையார் தொடங்கிய பள்ளி, காலப்போக்கில் கல்லூரியாகி, எந்தப் பாடத்தைத் தொட்டாலும் அதற்குள் சுற்றுச்சூழல் இருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு வந்து சேர்ந்தது. கல்லூரிக்கென்று ஒரு பண்ணை இருந்தது. பண்ணையில் பில், லூ என்று இரண்டு எருதுகள். சுமார் பத்து வருஷம் ஜோடியாக ஏர் இழுத்தவை. அங்கிருந்த பேராசிரியர்களில் பலருக்கு அத்தனை வருஷ சர்வீஸ் இருந்திருக்காது.

2012 கோடையில் லூ ஒரு வளைக்குள் கால் வைத்துக் காலைக் கெடுத்துக்கொண்டது. வளையைத் தோண்டியது வுட்சக் என்கிற பிராணி. நம் ஊர்ப் பெருச்சாளிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் இன்னொரு பட்டப்பெயர் விசில்பிக். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள்.

நொண்டி எருதை என்ன செய்வது? சுற்றுச்சூழல் கல்லூரி சுற்றுச்சூழல் முறைப்படி யோசித்தது. எங்கிருந்தோ லாரியில் வரும் கறியைத் தின்பதைவிட நம் பண்ணைக் கறியைத் தின்பதே மேல், ஆகவே இரண்டையும் வெட்டி ஹாஸ்டல் மெஸ்ஸில் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். கணக்குப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் பெயர் வைத்துக் கூப்பிட்ட எருதை பர்கருக்குள் வைத்தால் உலகம் சும்மா இருக்குமா? எங்கெங்கிருந்தோ கண்டனங்கள் வந்து குவிந்தன. மிரட்டலுக்குப் பயந்து கசாப்புக் கூடம் கையை விரித்தது. எருதுகளைத் தத்துக் கேட்ட சரணாலயத்துக்குக் கொடுக்கக் கல்லூரிக்கு மனம் வரவில்லை. கடைசியில் லூவின் வலி முற்றியதால் அந்த நவம்பரில் ஊசி போட்டு அனுப்பி வைத்தார்கள். மெஸ்ஸுக்கும் உதவவில்லை, சரணாலயத்துக்கும் உதவவில்லை.

நம் பக்கம் எருதுக்காக யாரும் மின்னஞ்சல் அனுப்புவதில்லை. 2023 பிப்ரவரியில் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதிச் சீட்டு வரத் தாமதமானபோது, கூட்டம் நேராகப் போய்த் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே சில மணி நேரம் இந்தியப் பொருளாதாரமே ஹேண்ட்பிரேக் போட்டு நின்றது. எருது விஷயத்தில் எங்கள் ஆட்களுக்குக் கருத்தரங்கில் நம்பிக்கை இல்லை.

சரி, நம் ஊர்க் கதை 1792இல் ஆரம்பம். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாதி ராஜ்ஜியத்தை இழந்தார். அதில் பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் வட்டாரம். ஓசூர் அந்தத் தவணையில் வரவில்லை. திப்பு 1799இல் இறந்த பிறகுதான் வந்தது. ஓசூர் எப்போதுமே கொஞ்சம் லேட்.

புதுச் சீமையில் வரி வசூலிக்க அலெக்சாண்டர் ரீட் என்ற கேப்டனை அனுப்பினார்கள். அவருக்கு உதவியாக வந்த ராணுவக்காரர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. வயது முப்பதை ஒட்டி. கிளாஸ்கோவில் பிறந்தவர். துப்பாக்கி பிடித்த கையில் நில அளவைச் சங்கிலியைக் கொடுத்தார்கள். ஏழு வருஷம் அந்த மனுஷன் ஊர் ஊராகச் சுற்றினார். எது செம்மண், எது கரிசல், எந்தக் குடியானவன் உண்மையிலேயே கஷ்டப்படுகிறான், எவன் குதிருக்குள் ராகியை ஒளித்துவிட்டு அழுகிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி ஆனது. ரயத்துவாரி முறை இங்கே உருண்டு திரண்டதுதான். நடுவில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவனிடமே வரி வாங்குவது. எனக்குத் தெரிந்து இந்தச் சீமையில் நடந்த முதல் கிராமக் கல்லூரி இதுதான். மாணவர் ஒருவர், வாத்தியார்கள் பல்லாயிரம் பேர், ஃபீஸ் கட்டியதும் வாத்தியார்களே.

அந்த மாணவர் 1820இல் சென்னை ராஜதானிக்கே கவர்னராகி வந்தார். 1822இல் ஓர் உத்தரவு போட்டார்: ராஜதானியில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிச் சொல்லுங்கள். கலெக்டர்கள் முனகிக்கொண்டே எண்ணினார்கள். சிலர் வருஷக்கணக்கில் எண்ணினார்கள். கடைசியில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று கணக்கு வந்தது. சுமார் 67 பேருக்கு ஒரு பிள்ளை படிக்கிறது. திண்ணையில், மரத்தடியில், மணலில் விரலால் எழுதிப் படித்த படிப்பு. பிற்காலத்தில் தரம்பால் என்ற ஆய்வாளர் இந்த ஆவணங்களைத் தூசி தட்டி 1983இல் புத்தகமாகப் போட்டபோது, 'வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு எழுத்தறிவித்தான்' என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

பிள்ளைகளை எண்ணி முடிப்பதற்குள், 1824இல், அதே மன்றோ கவர்னராக இருந்த காலத்திலேயே, ஓசூர் மத்திகிரியில் ஒரு பண்ணை திறந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு என்று நினைத்தீர்களா? குதிரைகளுக்கு. ராணுவத்துக்குக் குதிரை வேண்டும், குதிரைக்கு நல்ல காற்று வேண்டும், ஓசூரில் நல்ல காற்று இருந்தது. இன்றைக்கும் அந்தப் பண்ணைக்கு 1,600 ஏக்கருக்கு மேல் நிலம் உண்டு. சிப்காட் ஓசூரில் சென்ட் கணக்கில் பேசுகிற நமக்கு அந்த எண்ணைக் கேட்டாலே மூச்சு முட்டும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தங்குமிடம் இலவசம். சாப்பாடு வேளாவேளைக்கு. உடம்புக்கு வந்தால் வைத்தியர் ஓடி வருவார். தினமும் உடற்பயிற்சி. படிப்பு முடிந்ததும் நேரே பட்டாளத்தில் உத்தியோகம். நூற்றுக்கு நூறு பிளேஸ்மென்ட். ஓசூரின் முதல் உறைவிடக் கல்லூரி இதைவிட நன்றாக நடந்திருக்க முடியாது. மாணவர்களுக்கு நான்கு கால் இருந்தது ஒன்றுதான் குறை. பிள்ளைகள் பக்கம், மன்றோ தாலுகாவுக்கு ஒரு பள்ளி என்று திட்டம் எழுதினார். 1827இல் சுற்றுப்பயணத்தில் காலரா கண்டு பத்திகொண்டாவில் இறந்தார். திட்டமும் சில வருஷங்களில் அவர் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. குதிரைகள் கொழுத்தன.

நடுவில் ஓசூரில் ஒரு கோட்டை எழும்பியது. சேலத்துக் கலெக்டர் பிரெட் இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையைப் பார்த்துக் கட்டினார், அதுவும் ஒரு பெண்மணிக்காக என்று ஊரில் சொல்வார்கள். உள்ளூர் மண்ணுக்கும் வெயிலுக்கும் பொருந்தாமல், யாரோ ஒருவருக்குக் காட்டுவதற்காகக் கட்டடம் கட்டுவதில் ஓசூருக்கு அப்போதே நல்ல பயிற்சி கிடைத்திருக்கிறது.

அதே காலத்தில் சென்னை சைதாப்பேட்டையில் இன்னொரு கூத்து. கவர்னர் வில்லியம் டெனிசன் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பையை இறக்குமதி செய்து ஒரு மாதிரிப் பண்ணை போட்டார். நம் குடியானவனுக்கு விவசாயம் கற்றுக் கொடுப்பது நோக்கம். நீராவிக்கு விறகு வேண்டும், கலப்பைக்குப் பெரிய வயல் வேண்டும், பழுதானால் கப்பலில் சாமான் வர வேண்டும். குடியானவனுக்கு இருந்ததோ இரண்டு மாடும் முக்கால் ஏக்கரும். அந்தப் பண்ணையில் 1876இல் வேளாண் பள்ளி தொடங்கினார்கள். அதுவே பிற்பாடு கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்து, வளர்ந்து, இன்று நாம் அறிந்த வேளாண் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஆனால் நடுவில் வோல்கர் என்ற ரசாயன நிபுணரை லண்டனிலிருந்து வரவழைத்தார்கள், இந்திய விவசாயத்தை எப்படித் திருத்தலாம் என்று சொல்ல. மனுஷன் நாடு முழுக்கச் சுற்றிவிட்டு 1893இல் அறிக்கை கொடுத்தார். சாராம்சம்: இந்தியக் குடியானவன் இங்கிலாந்து விவசாயிக்குக் குறைந்தவன் இல்லை, சில விஷயங்களில் மேல். திருத்த வந்தவர் விடைத்தாளில் நூற்றுக்கு நூறு போட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். குடியானவனுக்கு அந்த மார்க் ஷீட்டை யாரும் காட்டவில்லை.

மத்திகிரியில் குதிரைகள் போய் மாடுகள் வந்தன. ரெட் சிந்தி மாடுகளுக்கு ஓசூர்ப் பண்ணை பேர் பெற்றது. லிட்டில்வுட் என்ற அதிகாரி ஓசூரில் இருந்துகொண்டு தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி 1936இல் ஒரு புத்தகம் போட்டார். காங்கயம், ஆலம்பாடி, பர்கூர் என்று இன்றைக்கு நாட்டு மாடு ஆர்வலர்கள் மேடை ஏறிச் சொல்லும் பெயர்களையெல்லாம் வரிசையாகப் பதிவு செய்தவர் ஒரு வெள்ளைக்காரர். இதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

இப்போது கதாநாயகர் வருகிறார். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10. ஊர் முன்சீப் வீட்டில் ஒரு நோஞ்சான் பிள்ளை பிறந்தது. சிறு வயதிலேயே ஓசூர்ப் பள்ளிக்கூடம், பிறகு பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், அதற்குப் பிறகு சென்னையில் சட்டம். அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்குப் படிக்க ஓடும் ஓசூர்ப் பிள்ளைகளின் பட்டியலில் ராஜாஜி சீனியர். அன்றைக்கு டோல்கேட் இல்லை, அவ்வளவுதான்.

இந்த ராஜாஜி 1953இல் முதலமைச்சராக இருந்தபோது ஒரு திட்டம் கொண்டு வந்தார். கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரிப்பது. ஒரு கூட்டத்துக்குக் காலையில் மூன்று மணி நேரம், இன்னொன்றுக்கு மதியம் மூன்று மணி நேரம். மிச்ச நேரத்தில் பிள்ளை வீட்டில் அப்பனோடு இருந்து தொழில் பழகட்டும். பள்ளிக்கூடமும் வாத்தியாரும் போதாத ஊரில் அதே பெஞ்சில் இரண்டு மடங்கு பிள்ளைகளை உட்கார வைக்கலாம். வக்கீல் மூளை. காகிதத்தில் படித்தால் வெர்மான்ட் கல்லூரி விளம்பரம் மாதிரியே இருக்கும்: பாதி நாள் புத்தகம், பாதி நாள் கைவேலை. காந்தியும் 1937இல் வார்தாவில் கைத்தொழிலை நடுவில் வைத்துத்தானே ஆதாரக் கல்வி என்றார்?

ஆனால் 'அப்பனோடு' என்று ஒரு சொல் இருக்கிறதே, அங்கேதான் கால் வழுக்கியது. வெர்மான்டில் வக்கீல் மகன் நாலு வருஷம் மாடு கறக்கலாம். பட்டம் வாங்கிவிட்டு வக்கீல் வீட்டுக்கே திரும்பலாம். அது அனுபவம். பாராமகாலில் சவரத் தொழிலாளி மகனிடம் மதியம் கொடுக்கப்படுவது சவரக் கத்தி. அந்தக் கத்தியை அவன் பிறந்த அன்றைக்கே ஊர் அவன் தொட்டிலில் போட்டுவிட்டது. அதிலிருந்து தப்பிக்கத்தான் அவன் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். எதிர்த்தவர்கள் இதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். அரசாங்கம் வைத்த நீளமான பெயர் இன்றைக்கு ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் தெரியும். பெயர் வைப்பதில் திராவிட இயக்கத்தோடு போட்டி போட்டு இந்த மாநிலத்தில் யாரும் ஜெயித்ததில்லை.

எனக்கு ஒரு விஷமத்தனமான ஆசை. இந்தத் திட்டத்தை 1883 வாக்கில் தொரப்பள்ளியில் அமல்படுத்தியிருந்தால்? முன்சீப் மகன் காலையில் மூன்று மணி நேரம் அரிச்சுவடி படித்திருப்பான். மதியம் அப்பாவோடு உட்கார்ந்து கிஸ்தி கணக்கு எழுதியிருப்பான். கெட்டிக்காரப் பிள்ளை என்பதால் தொரப்பள்ளிக்கு நல்ல முன்சீப் கிடைத்திருப்பார். சேலத்துக்கு ஒரு வக்கீலும், காந்திக்கு ஒரு சம்பந்தியும், நாட்டுக்கு ஒரு கவர்னர் ஜெனரலும் கிடைக்காமல் போயிருப்பார்கள்.

1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டத்தின் மேல் பாய்ந்தது. பெரியார் ஒரு பக்கம். சொந்தக் கட்சிக்காரர்கள் இன்னொரு பக்கம், சத்தமில்லாமல். 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவியை விட்டார். வந்தவர் காமராஜர். சிறு வயதிலேயே படிப்பை விட்டவர். அவர் வந்த சில வாரங்களில் திட்டம் குப்பைக்குப் போனது. முழுப் படிப்பு படித்தவர் அரை நாள் பள்ளி போதும் என்றார். அரைகுறையாக விட்டவர் முழு நாளும் வேண்டும் என்றதோடு மதியச் சோறும் போட்டார். இல்லாதவனுக்குத்தான் பண்டத்தின் விலை தெரியும் என்று மாமா இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். அவர் ஐ.டி.ஐ. படித்ததே காமராஜர் காலத்துக்குப் பிந்தைய கதை, ஆனாலும் காமராஜர் பெயரைச் சொன்னால் கிளாசைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவார்.

ஓர் அடி பின்னால் போக வேண்டும். 1948இல், ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில், டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக்கு ஓர் ஆணையம் போட்டார்கள். அதில் ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கர் ஓர் உறுப்பினர். சுவாரசியமான ஆள். தானாகவே இன்ஜினீயரிங் கற்று, பட்டம் இல்லாமலே பெரிய அணை இன்ஜினீயர் ஆனவர். ஒஹையோவில் ஆன்டியாக் என்ற சின்னக் கல்லூரிக்குத் தலைவரானார். அங்கே மாணவர்கள் சில காலம் படிப்பு, சில காலம் வெளியில் வேலை என்று மாறி மாறிப் போகும் முறையைக் கொண்டு வந்தார். பிறகு டென்னசி பள்ளத்தாக்கு அணைகளுக்குத் தலைவரானார். 1938இல் ரூஸ்வெல்ட் அவரை வேலையை விட்டே தூக்கினார். ஓர் அதிபரோடு சண்டை போட்டு வேலை இழந்தவரை இந்தியா மரியாதையோடு கூப்பிட்டு, எங்கள் கிராமங்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் யோசித்துச் சொல்லுங்கள் என்றது. அந்தக் காலத்து இந்தியாவுக்கு இப்படி ஒரு பெருந்தன்மை இருந்தது.

ஆணையம் 1949இல் சொன்ன யோசனை அழகானது. சின்னச் சின்ன உறைவிடக் கல்லூரிகள் வட்டமாக இருக்கும், நடுவில் பல்கலைக்கழகம். படிப்பும் வேலையும் பின்னிக் கிடக்கும். படித்தவன் கிராமத்தை விட்டு ஓடமாட்டான். கடைசி வாக்கியத்தைப் படித்தபோது மாமா முகம் ஞாபகம் வந்தது.

இந்த யோசனையை நடத்திக் காட்டத் தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒரு பெண்மணி தயாராக இருந்தார். டாக்டர் சௌந்தரம். சின்ன வயதில் கணவரை இழந்து, அதற்குப் பிறகு டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தவர். காந்தியின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டவர். இருவருமாகத் திண்டுக்கல்லுக்கும் சின்னாளபட்டிக்கும் பக்கத்தில் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956இல் மத்திய அரசு கிராமிய உயர்கல்விக்காக நாடெங்கும் சில நிலையங்களைத் தேர்ந்தெடுத்தபோது அதில் காந்திகிராமம் ஒன்று, கோவை பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண வித்யாலயம் ஒன்று.

அங்கே மூன்று வருஷம் படித்தால் கிராம சேவையில் டிப்ளமா. பையன்கள் கிராமத்துக்குப் போனார்கள், கக்கூஸ் கட்டினார்கள், கிணறு இறைத்தார்கள், கணக்கெடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது, ஊரிலிருந்து அப்பாக்கள் வரும் வரை. "இந்த டிப்ளமா பி.ஏ.வுக்குச் சமமா சார்?" இந்தியக் கல்விச் சிந்தனையை இவ்வளவு ஆட்டிப் படைத்த வாக்கியம் உபநிஷத்திலும் இல்லை. சர்வீஸ் கமிஷன் ஏற்குமா? எம்.ஏ. சேர்த்துக்கொள்வார்களா? பெண் கொடுப்பார்களா? இருபது வருஷம் இந்தக் கேள்வியைச் சமாளித்த பிறகு 1976இல் காந்திகிராமம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அப்பாக்கள் நிம்மதியாகப் பஸ் ஏறினார்கள். இன்றும் அது நன்றாக நடக்கிறது. ஆனால் கிராமத்தில் ஓடாமல் நிற்கும் பட்டதாரி வேண்டும் என்ற மார்கன் கனவு அந்தப் பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

சௌந்தரத்தின் அப்பா பெயரை வேண்டுமென்றேதான் இதுவரை சொல்லவில்லை. டி.வி. சுந்தரம் ஐயங்கார். அதே டி.வி.எஸ். மதுரையில் பஸ் விட்டவர். அவருடைய பேரன் வேணு சீனிவாசன் காலத்தில் ஓசூரில் மொபெட் தொழிற்சாலை வந்தது. 1980இல் டி.வி.எஸ். 50 வெளியே ஓடி வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட் என்று விளம்பரம். இரண்டு பேரோடு நிறுத்த நாம் என்ன ஜப்பான்காரர்களா? அம்மா, அப்பா, முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, ஹேண்டில்பாரில் இரண்டு பை. அப்புறம் பால் கேன் ஏறியது. கோழிக் கூண்டு ஏறியது. புல்லுக்கட்டு, கோலப்பொடி மூட்டை, ஐஸ் பெட்டி, கேஸ் சிலிண்டர், சில சமயம் ஒரு கன்றுக்குட்டி.

அத்தை திண்டுக்கல் பக்கத்தில் கிராம சேவைக்கு ஆள் தயார் செய்தார். மருமகன் ஓசூரில் கிராம சேவைக்கு வண்டி தயார் செய்தார். எந்தச் சேவை அதிகம் கிராமத்தை எட்டியது என்று கேட்டால், காந்தியவாதிகள் மன்னிக்க வேண்டும், என் ஓட்டு டி.வி.எஸ். எக்ஸெல் மொபெட்டுக்கு. பி.ஏ.வுக்குச் சமமா என்று அதை எவனும் கேட்கவில்லை.

சிப்காட் வந்ததும் ஓசூரில் ராஜாஜி திட்டம் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்ததை யாரும் கவனிக்கவில்லை. பாதி நாள் படிப்பு, பாதி நாள் தொழில். அப்ரண்டிஸ் என்றார்கள், ட்ரெய்னி என்றார்கள். டைட்டன் கடிகாரக் கம்பெனி பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, தூசி படக்கூடாத அறையில் மயிரிழைத் திருகாணி முடுக்கக் கற்றுக் கொடுத்தது. எந்தக் கட்சியும் மறியல் செய்யவில்லை. காரணம் எளிது. அப்பன் தொழிலை விட்டு வெளியே போகிற கதவு அது. தொரப்பள்ளிக்காரருக்குப் பிடிபடாத சூட்சுமம் சிப்காட் கேட் வாட்ச்மேனுக்குப் பிடிபட்டிருந்தது.

மத்திகிரிக்கு வருவோம். கும்பினிக் குதிரை, ரெட் சிந்தி மாடு எல்லாம் பார்த்த மத்திகிரியில் இன்று ஒரு கல்லூரி இருக்கிறது. கோழிக் கல்லூரி. பெயர் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி, கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பி.டெக். தருகிறார்கள். சிரிக்காதீர்கள், மாமாவும் முதலில் சிரித்தார். "கோழிக்குப் பி.டெக்.கா?" இல்லை மாமா, பிள்ளைகளுக்கு. முட்டை, தீவனம், குஞ்சு பொரிப்பகம் என்று எல்லாம் நிஜ வேலை. எச்சம் அள்ளினால் பட்டம் உண்டு, அதுவும் நம் பிள்ளைக்குக் கட்டுப்படியாகிற ஃபீஸில். வெர்மான்டுக்காரர்கள் இந்த ஊர்ப் பக்கம் வந்து ஒரு கிளாஸ் உட்கார்ந்திருக்கலாம்.

தத்துவம், இலக்கியம் இல்லை என்பது உண்மை. அது வேண்டுமென்றால் அத்திப்பள்ளி தாண்டிச் சர்ஜாபுரம் பக்கம் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். மண் வேண்டுமென்றால் தர்மபுரிக்கு அந்தப் பக்கம் நாகர்கூடலில் புவிதம் பள்ளி. மண்ணில் கட்டிய கட்டடம், பிள்ளைகள் செடி கொடியோடு படிக்கிறார்கள். கோழி மத்திகிரியில், தத்துவம் கர்நாடகாவில், மண் தர்மபுரியில். மூன்றையும் சேர்த்தால் ஒரு கிரீன் மவுன்டன் வந்துவிடும். சேர்ப்பதற்கு டவுன் பஸ் கிடையாது.

சுற்றுச்சூழல் செய்முறைத் தேர்வுக்கு மட்டும் எங்களுக்குப் பஞ்சமில்லை. கெலவரப்பள்ளி அணைக்குப் போங்கள். தென்பெண்ணை பெங்களூரின் சாக்கடையையும் சோப்பையும் வாரி எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி வந்து அணை மதகில் இறங்கும். மழைக்காலத்தில் வெள்ளை வெளேரென்று நுரை மலை. புதிதாக வருபவர்கள் ஊட்டி என்று நினைத்து செல்ஃபி எடுக்கிறார்கள். பெங்களூர் ஐ.டி. பிள்ளைகளின் டீ-ஷர்ட் அங்கே வெளுக்கிறது, நுரை இங்கே பொங்குகிறது. மாநில ஒத்துழைப்புக்கு இதைவிட வெண்மையான உதாரணம் கிடைக்காது.

கௌரவப் பேராசிரியர்களும் உண்டு. ராகி அறுவடை நெருங்கும்போது பன்னேருகட்டா பக்கமிருந்து யானைகள் கூட்டமாகக் கிளம்பித் தேன்கனிக்கோட்டைக் காட்டு வழியாகச் சானமாவு வரை வரும். வருஷா வருஷம் அதே பாடம்: இது எங்க ரோடு, நடுவுல நீங்கதான் சிப்காட் கட்டுனீங்க. வனத்துறையினர் பட்டாசு வெடித்து அவற்றைத் திருப்பி அனுப்பப் படாதபாடு படுகிறார்கள். அடுத்த கார்த்திகைக்கு மறுபடி அட்டெண்டன்ஸ் போட வந்துவிடும்.

இத்தனையும் மாமாவிடம் தவணை தவணையாகச் சொல்லி முடித்தேன். அவருக்குக் கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி இருந்தது.

"அந்த அமெரிக்கா காலேஜ் இருந்துச்சுன்னு சொன்னியே. இப்ப இல்லையா?"

"2019ல மூடிட்டாங்க. சேர ஆள் இல்ல, காசு இல்ல. அடுத்த வருஷம் ஏலத்துல போச்சு. வாங்கினவரு ராஜ் பக்தா. அப்பா வழியில இந்தியாக்காரர். விஸ்கி கம்பெனி ஆரம்பிச்சவரு. அந்த விஸ்கி பேரு விசில்பிக்."

"எது, அந்த எருது கால உடைச்ச பெருச்சாளியா?"

"அதேதான்."

மாமா ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். "எவ்வளவுக்குப் போச்சு?"

"சுமார் நாப்பத்தஞ்சு லட்சம் டாலர். 155 ஏக்கர்."

விரல் விட்டு எண்ணினார். உதடு அசைந்தது. "ஏக்கர் இருபது லட்சத்துச் சொச்சமா? கட்டடத்தோடவா? பாகலூர் ரோட்டுல அதுக்கு ஒரு சைட்டு வராதே!" சுற்று முற்றும் பார்த்தார், ஏதோ அந்த ஏலம் இன்னும் நடந்துகொண்டிருக்கிற மாதிரி. பிறகு காசை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து, எக்ஸெல்லை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார்.

"ஆமா, இன்னொரு எருது இருந்துச்சே. பில்லு. அதை என்ன பண்ணாங்க?"

"வெட்டல மாமா. வேலையும் கொடுக்கல. கடைசி வரைக்கும் நாங்களே வெச்சுக் காப்பாத்துறோம்னு சொல்லிட்டாங்க."

"வேல செய்யாத எருதுக்குத் தீனி." மாமா கிக்கரை ஓங்கி மிதித்தார். "எனக்கு பி.எஃப். பென்ஷன் ரெண்டாயிரத்துச் சொச்சம். எருதுக்கு முழு பென்ஷன் கொடுத்தா காலேஜு எப்படிடா நிலைக்கும்?"